முகத்துவாரம் திறந்த வாரம்

அருள்மேரி பல்லாவரத்தில் குடியிருந்தாள். பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு கடல் ஆராய்ச்சி மையத்தில் வேலை. கடல்நீரின் வேதியியல்தான் அவள் படித்தது. 2005-இல் அந்த மையம் ஒரு புதுத் திட்டம் தொடங்கியபோது அவளையும் சேர்த்து மூன்று பேரை ஒரே அறையில் உட்கார வைத்தார்கள். ஹேமநாத் நீரோட்டமும் மணல் நகர்வும் பார்ப்பவன். ஷர்மிளா மீன்குஞ்சுகளைப் பிடித்து எண்ணுபவள். ஆளுக்கொரு துண்டாகக் கடலைப் படித்தது போதும், சேர்ந்து பாருங்கள் என்றார் இயக்குநர்.

பார்க்க வேண்டிய இடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு முகத்துவாரம். உப்பங்கழி கடலோடு சேரும் அந்த வாயைச் சில வருடங்களாக மணல் அடைத்துக்கொண்டு கிடந்தது. மடவை மீன் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் தை மாத வாக்கில் அந்த வாய் வழியே உள்ளே ஏறிக் கழியில் வளரும். வாய் அடைத்ததிலிருந்து மடவை இல்லை. கரையோரக் குப்பத்தில் நூறு வீடு. பொக்லைன் வைத்து மணலைத் தோண்டிவிடச் சொல்லி ஊரே மனு கொடுத்திருந்தது. தோண்டினால் பலன் உண்டா என்று இந்த மூன்று பேரும் சொல்ல வேண்டும்.

குப்பத்தில் அருள்மேரிக்கு ஒருத்தியை முன்பே தெரியும். பல்லாவரத்தில் அவள் தெருவுக்கு மீன் கொண்டுவந்த அங்காளம்மாள். அவள் புருஷன் லோகுதான் மாதம் இரண்டு முறை இவர்களைப் படகில் கூட்டிப்போனான். கழியின் அடியிலிருந்து எடுத்த தண்ணீரில் அருள்மேரி மருந்து விடுவாள். உயிர் வாழக் காற்று இருக்கும் தண்ணீரென்றால் பழுப்பாகப் படியும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். ஆறே மாதத்தில் லோகு புட்டியைப் பார்த்ததும், "வெள்ளை, மேடம்" என்று அவனே சொல்லத் தொடங்கிவிட்டான்.

2007 கார்த்திகையில் ஒரு மத்தியானம் மூன்று பேரும் தங்கள் வரைபடங்களை ஒரே மேஜையில் விரித்தார்கள்.

"தையில தோண்டினா நாப்பது நாள் திறந்திருக்கும். குஞ்சு ஏற அது போதும்ல?" என்றான் ஹேமநாத்.

"திறந்ததும் முதல்ல வெளியே போறது கழியோட அடித்தண்ணி. அதுல ஆக்சிஜனே இல்ல" என்றாள் அருள்மேரி.

"மழை வந்து கழுவிடாதா?" என்றாள் ஷர்மிளா.

"முன்னே கழுவிச்சு. கழிக்கு மழைத்தண்ணி அனுப்பின பள்ளிக்கரணைச் சதுப்பு இப்ப பாதி குப்பைமேடு, பாதி கட்டடம். கழிக்கு வர்றது சாக்கடைதான்."

"அப்ப அடுத்த ஐப்பசியிலயே தோண்டி அழுக்கை முதல்ல வெளியேத்திடலாமே?" என்று கேட்டாள் ஷர்மிளா.

ஹேமநாத் தன் வரைபடத்தில் விரலை வைத்தான். "அப்ப அடிக்கிற அலைக்குப் பத்து நாள்ல மறுபடி மூடிடும்."

ஷர்மிளா மெல்லச் சொன்னாள். "கழித்தண்ணி கடல்ல கலந்ததும்தான் குஞ்சுங்க அதைத் தேடி வாய்க்கு வரும். தையில திறந்தா, நாமே கூப்பிட்டு விஷத்துல விட்ட மாதிரி."

மணல் வழிவிடும் என்று அருள்மேரி நம்பியிருந்தாள். தண்ணீர் தானாகத் தெளியும் என்று ஷர்மிளா நம்பியிருந்தாள். எப்படியும் மீன் பிழைத்துக்கொள்ளும் என்பது ஹேமநாத்தின் எண்ணம். ஒவ்வொருவரும் அடுத்தவர் படிப்பில் ஒரு வழி இருக்குமென்று கிட்டத்தட்ட மூன்று வருடம் ஓட்டியிருந்தார்கள்.

தோண்ட வேண்டாம் என்று அறிக்கை போனது. ஊர் மனுவை விசாரித்த அரசுக் கமிட்டி எடுத்துக்கொண்டது ஹேமநாத்தின் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியை: தோண்டினால் நாற்பது நாள் திறந்திருக்கும். தை மாதம் தோண்ட உத்தரவு வந்தது. இயக்குநரிடம் மூன்று பேரும் போய் நின்றார்கள். "ஜனங்க கேட்டதைத்தானே செய்யறாங்க" என்றார் அவர்.

அருள்மேரி குப்பத்துக்குப் போனாள். லோகு படகடியில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தான். அங்காளம்மாள் பக்கத்தில் நின்றாள். அருள்மேரி எல்லாவற்றையும் சொன்னாள்.

"நானும் பாத்துகினுதானே கீறேன் மேடம்" என்றான் லோகு. "அந்த வெள்ளை எனுக்கும் தெரியும்."

"அப்ப ஊர்ல சொல்லுங்கண்ணா. நீங்க சொன்னா கேப்பாங்க."

"இன்னான்னு சொல்றது? தோண்டலன்னா மீனு வந்துடுமா?"

"வராதுண்ணா."

"அடுத்த வருசம்?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள். அங்காளம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்போ தோண்டிட்டுப் போவட்டும். தண்ணி ஓடறதையாவது ஒரு தபா பாக்கட்டும் ஜனங்க" என்றான் லோகு.

தையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து மணலைத் தோண்டினார்கள். கறுத்த தண்ணீர் நுரைத்துக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. நாற்றம் சாலை வரை அடித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அருள்மேரி கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கும் ஒரு நிமிடம், நாம் தப்பாகக் கணித்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

மூன்றாம் நாள் கரையெங்கும் வெள்ளிப்பொடி சிந்தியதுபோல் குஞ்சுகள் செத்து ஒதுங்கின. விரல்நுனி அளவுகூட இல்லை. ஷர்மிளா எண்ணுவதற்காக ஒரு சதுர மரச்சட்டத்தை மணலில் வைத்தாள். ஒரு சட்டத்துக்குள் முந்நூறு வரை எண்ணினாள். பிறகு எழுந்து போய்விட்டாள். அங்காளம்மாள் குனிந்து ஒரு பிடி அள்ளினாள். எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். இப்படி ஆகுமென்று அவளுக்கு முன்பே தெரியும் என்று எப்படியோ கேள்விப்பட்டு ஊர்க்காரர்கள் அருள்மேரியைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

முப்பத்தொன்றாம் நாளே மணல் வாயை மறுபடி அடைத்துவிட்டது.

ஷர்மிளா அந்த வருடமே வேலையை விட்டாள். லோகு திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் இரும்பு வெட்டப் போனான். ஒரு நாள் சந்தையில் அங்காளம்மாளைப் பார்த்தபோது, லோகு எப்படியிருக்கிறார் என்று அருள்மேரி கேட்டாள்.

"வூட்டுக்கு வந்தா பேச்சே இல்ல மேரிம்மா. தெக்கால, கழி கீற பக்கம் பாத்து உக்காந்துகினு கீறாரு. நீ இன்னும் அங்க தண்ணி எடுக்கப் போறியா?"

"போறேன்க்கா."

"எதுக்கு?"

பதிலுக்கு அங்காளம்மாள் காத்திருக்கவில்லை, கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.