முந்நூறாம் எண் அம்பு

சங்கமித்ராவுக்கு வருகிற ஆகஸ்டில் இருபத்தெட்டு முடிகிறது. விளையாட்டுக் கோட்டா வேலைக்கு அதுதான் கடைசி வயது. தேர்வுக்கு இன்னும் பதின்மூன்றே நாள். அவள் அம்புகளோ ஐம்பது மீட்டர் தூரத்து இலக்குப் பலகையில், கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் நின்றன.

"கை நடுங்குது உனக்கு. மனசு ஒரு இடத்துல நிக்கல" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிவந்தான் ராஜேந்திரன். அவள் புருஷனும் அவன்தான், பயிற்சியாளனும் அவன்தான். இந்தப் பைத்தியக்காரியும் நம்பினாள். காபியை விட்டாள். விடியலில் எழுந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். கே.ஜி.எஃப்.பில் சொந்தத் தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்குக்கூடப் போகவில்லை. போனால் மனசு அலையுமாம்!

வில் பழையது. வைட்ஃபீல்ட் சாஃப்ட்வேர்காரர் ஒருவர் அமெரிக்காவில் மான் வேட்டைக்கென்று வாங்கிய, இரு முனையிலும் கப்பி வைத்த காம்பவுண்ட் வில். இங்கே காட்டுப்பன்றி மேல் குறிவைத்தாலே கேஸ் என்று தெரிந்ததும், வில்லோடு ஒரு டஜன் அம்பையும் சேர்த்துத் தள்ளிவிட்டார். அவர் எழுபது பவுண்டு விசையில் இழுத்ததைச் சங்கமித்ராவுக்காக நாற்பத்தைந்துக்கு இறக்கினார்கள். அம்பை மட்டும் யாரும் மாற்றவில்லை.

நாண் பிரிந்துவிட்டதென்று பிரேசர் டவுனுக்குப் போனாள். அங்கே வீட்டு முன்னறையில் வில் ரிப்பேர் செய்கிற அல்போன்சா, நாணை விட்டுவிட்டு அம்பைத்தான் கையில் எடுத்தாள். தண்டில் 300 என்று அச்சிட்டிருந்தது.

"அய்யோ, இன்னுமா இதையே போட்டுனு இருக்க?"

"ஏன், நல்ல கெட்டி அம்புதானே?"

"கெட்டிதாம்மா பிரச்சினையே. நம்பர் சின்னதா இருந்தா விறைப்பு ஜாஸ்தி. எழுபது பவுண்டு தள்ளுனா இது அளவா வளைஞ்சு நிமிர்ந்து நேரா போவும். உன் நாப்பத்தஞ்சுக்கு முறைச்சுக்கினு பக்கத்துல ஓடிடும், கை துளி மாறுனாலும் வேற மூலைக்குப் போவும். உனக்கு ஐந்நூறு வேணும்."

சங்கமித்ரா நம்பாததைப் பார்த்துவிட்டு, ஒரு ஐந்நூறை எடுத்துவந்து, இரண்டு அம்புகளையும் தாங்கிகள் மேல் கிடத்தி, நடுவில் ஒரே எடையைத் தொங்கவிட்டுக் காட்டினாள். முந்நூறு பெயருக்கு வளைந்தது. ஐந்நூறு நன்றாகவே தொய்ந்தது. நாணை மாற்றியதும், இரண்டு எண்ணிலும் இறகு ஒட்டாத அம்பு ஒவ்வொன்று கொடுத்துப் பின்சந்தில் விடச் சொன்னாள். முந்நூறு சாய்ந்து போய் இடப்பக்கம் குத்தியது. ஐந்நூறு நேராக நடுவில் இறங்கியது.

"ரெண்டு வருஷம் முன்னாடியே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே மித்ரா. ஆறு அம்பு எடுத்துகூட வச்சேன்."

சங்கமித்ரா வில்லைக் கீழே வைத்தாள். "அவரு என்னா சொன்னாரு?"

அல்போன்சா பிரிந்த பழைய நாணைச் சுருட்டினாள். "இப்படியே இருக்கட்டும், அவகிட்ட சொல்லாதீங்கன்னாரு. ஏதோ பணக் கஷ்டம்னு நெனச்சேன்மா."

ஆஸ்டின் டவுன் வீட்டில் ராஜேந்திரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அம்பு தப்புன்னு தெரிஞ்சேதான் மாத்தாம வுட்டீங்களா?"

பொய் சொல்வான் என்று நினைத்தாள். சொல்லித் தொலைத்திருக்கலாம். பாவி, சொல்லவில்லை.

"இதே செலக்ஷன்ல ரெண்டே பாயிண்ட்ல என்னைத் தள்ளுனானுங்க. இன்னிக்கு ஸ்கூல் பசங்களுக்கு விசில் ஊதினு இருக்கேன். நீ வேலைல குந்திக்குவ, நான் உன் பையத் தூக்கினு பின்னாடி வரணுமா?"

"அப்ப என் கை நடுங்குதுன்னது?"

"ஏதாச்சும் சொல்லணும்ல."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அல்போன்சா கொடுத்த ஆறு அம்புகளோடு தனியாகப் பயிற்சிக்குப் போனாள். நான்காம் நாள் ஆறும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் நின்றன. சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் அழுகைதான் வந்தது. ஒரு பாவமும் செய்யாத தன் கையை இரண்டு வருஷம் தானே திட்டியிருக்கிறாளே!

தேர்வில் எழுநூற்று இருபதுக்கு அறுநூற்று எண்பத்தொன்பது எடுத்தாள். வாழ்க்கையில் அதுவரை எடுக்காத பாயிண்ட். இருபத்தொரு வயது ரக்ஷிதா அறுநூற்றுத் தொண்ணூற்று நான்கு எடுத்தாள். இந்த வருஷம் இருந்தது ஒரே இடம்.

தேர்வாளர் தேசிகன் நல்ல மனுஷர். பழைய பட்டியலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "போன வருஷம் மூணு போஸ்ட் இருந்துச்சேமா. வேலைக்கு எடுத்த மூணு பேருமே அறுநூத்தி எண்பதைத் தாண்டல. அப்ப மட்டும் ஏன் உனக்கு இவ்ளோ கம்மி?"

விண்ணப்பத்தில் பயிற்சியாளர் என்று பெயர் இருந்ததால் ராஜேந்திரனும் வந்திருந்தான். பந்தலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என் கோச் அங்கதான் இருக்காரு சார். அவரையே கேளுங்க."

"சார், கொஞ்சம் வாங்க" என்று தேசிகன் கூப்பிட்டார். ராஜேந்திரன் எழுந்து வந்து, கேள்வியைக் கேட்டுவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவன் வாயால் சொல்லிக் கேட்காமல் போவதில்லை என்று அவள் அங்கேயே நின்றாள்.