ஐந்தாவது விநாடியில் கை பிரியும்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சோப்பில் தொடங்கியது. திருவண்ணாமலையில் ஒரு பெரிய கடையில் சந்தன சோப்பை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பிடிக்கவில்லை, திரும்ப வைத்துவிட்டேன். வாசலில் ஒரு பெண் ஓடி வந்து, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, பைய கொஞ்சம் காட்டுங்க" என்றாள். காட்டினேன். குடையும் வீட்டுச் சாவியும் இருந்தன. என்னைவிட அவளுக்குத்தான் பெரிய நிம்மதி. "கம்ப்யூட்டர் சொல்லிச்சுங்க சார்" என்றாள். வந்த கோபத்தில் வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தேன்.

(கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். இனி வரும் கடை வேறு. அதை முழுக்க நானே கட்டினேன், ஜன்னல் உட்பட.)

2.

முதல் வாக்கியம்: "மலையின் நிழலில் ஒரு கேமரா கண் விழித்தது." சே! தூங்கினால்தானே விழிக்க? அடுத்தது: "மணிமொழி ஒரு நாளைக்கு இரண்டாயிரம் கைகளைப் பார்த்தாள்." இது தேவலை.

மணிமொழி கீழ்பென்னாத்தூர்க்காரி. வேங்கிக்காலில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை. கடைக் கேமரா படங்கள் நான்கு நான்கு விநாடித் துண்டுகளாக வரும். முகம் இருக்காது, கையும் பொருளும் மட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் அவள் பெயரிட வேண்டும்: எடுத்தல், திரும்ப வைத்தல், மறைத்தல். அவள் இட்ட பெயர்களைப் பார்த்துத்தான் கணினி கற்றுக்கொள்ளும். வெண்டைக்காய் நுனியை ஒடிக்கும் கை, தேங்காயைக் காதருகே ஆட்டும் கை எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பொருள் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் காணாமல் போனால் அது மறைத்தல். விதி அப்படி. அவளும் கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிட்டாள்.

3.

ஒரு நாள் மதியம் கடை மேனேஜர் ராமதாஸ் போன் செய்தார்.

"உங்க மிஷினு சூப்பர்மா. திருடி மாட்டிக்கினா. மூணாவது வரிசையில சாமான் அடுக்குற ஆராயி. ஒரே மாசத்துல நாப்பத்தோரு தடவ மறைச்சிருக்கா. நாலு மணிக்கு வேலைய விட்டு அனுப்பிடுறேன். நீ வந்து அந்தத் துண்டுங்கள எடுத்துக் குடுத்துட்டுப் போ."

மணிமொழி துண்டுகளைப் பார்த்தாள். பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கைகள். நடுவில் ஒரு நாள் கற்பூரப் பாக்கெட், ஒரு நாள் ஊதுபத்தி, ஒரு நாள் வெறும் தீப்பெட்டி. நாற்பத்தொன்றிலும் கைகள் ஒரே மாதிரி மூடின, நிதானமாக. திருடுகிற கை இவ்வளவு நிதானமாக இருக்குமா? இதை மறைத்தல் என்று கணினிக்குச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். ஸ்கூட்டரை எடுத்தாள்.

(ஆராயியைப் பற்றி எனக்கே சந்தேகம் இருந்தது. "ஏழைதான், ஆனால் நேர்மையான" என்று தொடங்கி நிறுத்தினேன். அவள் நேர்மைக்குச் சான்றிதழ் கொடுக்க நான் யார்? ஆகவே அவள் கைகளை மட்டும் எழுதினேன்.)

4.

முதலில் எழுதிய முடிவு இது. பௌர்ணமிக் கூட்டத்தில் ஸ்கூட்டர் சிக்கிக்கொள்கிறது. மணிமொழி போய்ச் சேரும்போது மணி நாலரை. ஆராயி சீருடைச் சட்டையை மடித்து வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். நல்ல சோகம், எழுத்தாள நண்பர்கள் மெச்சுவார்கள். ஆனால் எழுதி முடித்தபின் எனக்குக் காபி இறங்கவில்லை. கிழித்துப் போட்டேன். அன்றைக்குப் பௌர்ணமியே இல்லை.

5.

மூன்றரைக்கே போய்ச் சேர்ந்தாள். நேராக மூன்றாவது வரிசை. ஆராயி நிற்கும் இடத்தில் நின்று, ஒரு கற்பூரப் பாக்கெட்டை எடுத்துத் திரும்பினாள். எதிரே உயரமான கண்ணாடி ஜன்னல். ஜன்னல் முழுக்க மலை.

தினமும் வேங்கிக்கால் திருப்பத்தில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் மலையைப் பார்த்துச் சாவியோடு மேலே போகிற கைகள், இப்போது பாக்கெட்டோடு போயின. அவளைக் கேட்டுக்கொண்டு போகவில்லை.

அடுத்த நிமிடம் ராமதாஸ் போனும் கையுமாக ஓடி வந்தார். "பாரு, இப்பக்கூட மறைச்சிட்டா! எங்க அந்த ஆராயி?"

"நான் இங்கதான் கீறேங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஆராயி அட்டைப் பெட்டியைச் சுமந்துகொண்டு நின்றாள்.

"அது என் கை சார்" என்றாள் மணிமொழி. "துண்டு நாலு விநாடியில முடிஞ்சிடும். அஞ்சாவதுல கைய பிரிச்சுப் பாக்கெட்ட வச்சிட்டேன், இதோ இருக்கு. நான் ஒண்ணும் பண்ணல சார். மலை தெரிஞ்சுது."

"மலையா?" ராமதாஸ் திரும்பினார். அவருக்கும் தெரிந்தது. போன் அவர் உள்ளங்கைகளுக்கு நடுவில் போனது. உள்ளேயிருந்தே அது கத்தியது: மறைத்தல், மூன்றாவது வரிசை.

யாரும் சிரிக்கவில்லை, ஆராயி பேசும்வரை. "கையில இருக்கறத கீழ வச்சிட்டுத்தானா சார் கும்புடுவாங்க? எதுக்கு எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க?"

ராமதாஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஒண்ணுமில்ல, போயி அடுக்கும்மா." நாலு மணி சங்கதியை அவளிடம் யாரும் சொல்லவில்லை. மணிமொழிக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை நிம்மதி. எழுதிய எனக்கும்தான்.

6.

மறுநாள் கணினியில் நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்தார்கள். அதற்குள் ராமதாசுக்கு வேறு கவலை: "இனிமே திருடுறவனும் கும்புட்டுக்கினே திருடுவானேம்மா?" அந்தக் கட்டத்தில் மணிமொழி என்ன பெயர் எழுதினாள் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

படித்து முடித்து நீங்கள் புத்தகத்தை மூடுவீர்கள். அப்போது இந்தப் பக்கம் உங்கள் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் காணாமல் போகும். அதற்கு என்ன பெயரோ, அதை இங்கே எழுதுங்கள்: ............