அம்பு இல்லாத கோடு

தட்டாஞ்சாவடியில் கலியபெருமாளின் கிரில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நிர்மலா ஒரு மேசை கேட்டாள். பட்டறையில் இருந்தது ஒரே மேசை. அதில்தான் டீ வைப்பார்கள். அன்று முதல் டீ, டிரில்லிங் மெஷின் மேல் குடியேறியது. யாருக்கும் அது பிடிக்கவில்லை.

மேசைமேல் வரைபலகையைச் சாய்த்து வைத்தாள். பலகையின் மேல் விளிம்பில் மினி டிராஃப்டரைப் பொருத்தித் திருகை முறுக்கினாள். மடங்கி நீளும் ஒரு கை, நுனியில் செங்கோணமாக இரண்டு ஸ்கேல். காத்தவராயன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். முப்பது வருடமாக அந்தப் பட்டறையில் வெல்டிங் அடிப்பவர்.

"இன்னாம்மா இது, கொக்குக்கு மாவுக்கட்டு போட்ட மாதிரி?"

"இத வெச்சி எங்க கோடு போட்டாலும் நேரா வரும்ணே."

"எனக்கு இது இல்லாமலே நேராத்தான் வரும்."

அது உண்மை. காத்தவராயன் கையில் கோணல் கிடையாது. கோணல் எல்லாம் அளவில்தான். கலியபெருமாள் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் அடி, அங்குலத்தில் டேப் பிடிப்பார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு விரற்கடை சேர்த்துக்கொள்வார். பட்டறைச் சுவரில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, மீதியைக் கையை ஆட்டிச் சொல்வார். செய்த பொருள் போன இடத்தில் உட்காராது. ஒரு பக்கம் கிரைண்டரால் அறுப்பார்கள், இன்னொரு பக்கம் சுவரை உடைப்பார்கள். போன மாதம் தவளக்குப்பத்தில் ஒரு தூணையே கொஞ்சம் உடைத்துவிட்டு வந்தார்கள். அதன் பிறகுதான் டிப்ளமோ படித்த ஆள் ஒருத்தரைப் போடலாம் என்று கலியபெருமாளுக்குத் தோன்றியது.

"ஒரு மாசம் பாப்பேன். நீ வரைஞ்ச ஒரு வேலையாவது கிரைண்டர எடுக்காம போன எடத்துல ஒக்காரணும். ஒக்காந்தா நீ இருக்கலாம். கம்ப்யூட்டர்கூட வாங்கித் தரேன். ஒக்காரலன்னா டீ மறுபடி மேசைக்கு வந்துரும்" என்றார்.

நிர்மலா மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து மூன்று வருடம் ஆகிறது. அந்த மூன்று வருடமும் நேரு வீதியில் ஒரு செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டினாள். பென்சிலைக் கையில் எடுக்கச் சொன்ன முதல் வேலை இதுதான். சரி என்றாள்.

மூன்றாவது வாரம் அந்த வேலை வந்தது. ரெட்டியார்பாளையத்தில் ஜெனவியேவ் மதாம் வீட்டு மாடி பால்கனிக்குக் கைப்பிடிக் கம்பி. மதாம் பிரான்சில் முப்பது வருடம் நகராட்சி அலுவலகத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். மகள் ஏலோதியும் பேரப்பிள்ளைகளும் சனிக்கிழமை பாரிசிலிருந்து வருகிறார்கள். அதற்குள் கம்பி வேண்டும்.

இரண்டு சுவருக்கும் இடையில் நிர்மலா மூன்று இடத்தில் அளந்தாள். கீழே 6203. நடுவில் 6201. மேலே 6204. எல்லாம் மில்லிமீட்டர். 6200 என்று முடிவு செய்தாள்.

"ஒரு விரல் சேத்துக்கம்மா" என்றார் கலியபெருமாள்.

"வேணாம் மொதலாளி."

"அப்பறம் அழக்கூடாது."

வரைவதற்கு முன் காத்தவராயனை உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். பத்து நிமிடப் பாடம். அழுத்தமான கோடு கண்ணுக்குத் தெரியும் விளிம்பு. விட்டு விட்டுப் போகும் கோடு பின்னால் மறைந்திருக்கும் விளிம்பு. நீளம், குட்டை, நீளம், குட்டை என்று போவது நடுக்கோடு, அங்கே இரும்பு கிடையாது. மெல்லிய கோட்டின் இரண்டு முனையிலும் அம்பு இருந்தால் அது அளவு. அங்கேயும் இரும்பு கிடையாது. படம் ஒன்றுக்குப் பத்து. தாளில் ஒரு மில்லிமீட்டர், இரும்பில் பத்து.

காத்தவராயன் கண்ணை மூடித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "அம்பு இருந்தா அளவு. கம்பி இல்ல."

"ஆமாம்ணே. இன்னொண்ணு. படத்துல இருக்கறத விடாதீங்க, இல்லாதத சேக்காதீங்க. யாரோ ஒரு டாக்டர் வீட்டு கேட்டுல நீங்களா ஒரு வாத்து வெச்சிட்டீங்களாமே."

"அது அன்னம்."

"எதுவா இருந்தாலும் வேணாம்ணே."

அவர் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "சரி. நீ போட்ட கோட்டுக்கு மேல ஒரு கோடு எங்கிட்டருந்து வராது."

நிர்மலா 2H பென்சிலால் மெல்லிய கோடுகளையும் HB-யால் அழுத்தமான கோடுகளையும் போட்டாள். ஓரத்தில் கட்டம் கட்டி பெயர், அளவுவிகிதம், தேதி, வரைந்தவர் எல்லாம் எழுதினாள். ஒரு சிக்கல்தான். ஒன்றுக்குப் பத்தில் போட்டாலும் படம் 620 மில்லிமீட்டர் வரும். அவளிடம் இருந்த தாளின் நீளம் 420. இந்த நிலைமையில் உலகத்தில் எந்த வரைவாளரும் செய்வதையே அவளும் செய்தாள். இடது முனையை வரைந்தாள், வலது முனையை வரைந்தாள், நடுவில் மேலிருந்து கீழாக நெளிந்து இறங்கும் மெல்லிய முறிவுக்கோடுகள் இரண்டு போட்டாள். இடையில் உள்ளதும் இதே போலத்தான், தாளில் இடம் இல்லாததால் விட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். அடியில் மொத்த நீளம் 6200 என்று எழுதினாள்.

பாடத்தில் அந்தக் கோட்டை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. பாஸ்போர்ட் போட்டோவில் இருப்பவருக்குக் கால் உண்டு என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை.

மறுநாள் சித்தப்பா மகள் அபிக்குக் கல்யாணம். நிர்மலா இரண்டு நாள் லீவு போட்டாள். போன், மணப்பெண் அறையில் கைப்பையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது காத்தவராயனிடமிருந்து நான்கு அழைப்புகள். திருப்பி அழைத்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. ஒரு சின்ன சந்தேகம். நானே யோசிச்சி தீத்துக்கினேன். நீ சாப்புடு."

அந்த வாக்கியத்தைக் கேட்டு அவள் பயந்திருக்க வேண்டும். பந்தியில் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நேராக ரெட்டியார்பாளையம் போனாள். தெருவில் இறங்கி நிமிர்ந்து பார்த்தாள். பால்கனியில் கம்பி ஏறியிருந்தது. பச்சை பெயிண்ட். ஒரே சீராக நிற்கும் கம்பிகள். நடுவில் மட்டும் கைப்பிடி திடீரென்று நின்றது. நின்ற இடத்தில் ஒல்லியாக ஒரு கம்பி, மின்னல் மாதிரி நெளிந்து, கைப்பிடிக்கு மேல் ஒரு சாண் உயரம் எழும்பியிருந்தது. பிறகு ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு மின்னல். அதன் பிறகு கைப்பிடி ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்து சுவருக்குப் போனது.

தெருவில் பால்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி அவளுடன் சேர்ந்து பார்த்தார். "இடிதாங்கியா?" என்று கேட்டார்.

நிர்மலா மாடிக்கு ஏறினாள்.

"வாம்மா எஞ்சினியரு" என்றார் கலியபெருமாள். அவர் முகம் ஏற்கெனவே டீயை மேசைக்கு மாற்றியிருந்தது.

மதாம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மின்னலுக்கு முன்னால் நின்றார். "மோன் தியே, கடவுளே! முசியே கலியபெருமாள், மியூசியத்துல இந்த மாதிரி நிறைய பாத்திருக்கேன். அங்க தொடக்கூடாதுன்னு போர்டு வெச்சிருப்பாங்க. நான் பிடிச்சிக்கிட்டு நிக்கறதுக்குத்தான கேட்டேன்."

"நான் இல்ல மதாம். இந்தப் பொண்ணு போட்ட படம்."

"யாரா இருந்தாலும் நாளைக்கு ஏலோதி பிள்ளைங்க வந்துடும். சின்னவன் முதல் வேலையா இதுக்குள்ள தலைய விடுவான்."

காத்தவராயன் ஒரு ஓரமாகக் கைகட்டி நின்றார். பாராட்டுக்குக் காத்திருப்பவர் போல இருந்தார். நிர்மலா அவரிடம் போனாள்.

"அண்ணே, இது எப்படிண்ணே வந்துச்சி?"

"படத்துல இருந்துச்சி." சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். ஒரு கறை இல்லை. பாலித்தீன் உறை போட்டிருந்தார். "தோ பாரு. மெல்லிசு கோடு. அளவா இருக்குமோன்னு பாத்தேன். அம்பு இல்ல. அம்பு இருந்தா அளவுன்னு நீதான சொன்ன. இல்லன்னா கம்பிதான? நடுக்கோடான்னு பாத்தேன். நீளம், குட்டைன்னு போவல. நெளிஞ்சி போவுது. அதுக்கு மட்டும் நெம்பர் போடாம வுட்டுட்ட. போன் பண்ணேன், நீ எடுக்கல. ஸ்கேல வெச்சி அளந்தேன், பத்தால பெருக்கனேன். சந்து தாள்ல பத்து, இரும்புல நூறு. மிச்சத்த 6200 வர்ற மாதிரி ரெண்டு பக்கமும் சமமா நீட்டிக்கினேன். கோடு மெல்லிசுன்னு ஆறு எம்.எம். கம்பி போட்டேன். அந்த வளைவுக்கு மட்டும் அரை நாள் ஆச்சி."

நிர்மலா வளைவைப் பார்த்தாள். ஒன்றுக்குப் பத்தில் பார்த்தால் அவள் கை நடுங்கிய இடம்கூட அதில் இருந்தது.

"முட்டாள்தனமா தெரியலியாண்ணே ஒங்களுக்கு?"

"தெரிஞ்சிச்சி. அன்னம் வெக்கும்போதும் உங்களுக்கெல்லாம் அப்படித்தான தெரிஞ்சிச்சி? படத்துல இருக்கறத வுடக்கூடாதுன்னு சொன்ன, செஞ்சேன்."

கலியபெருமாள் தாளைப் பிடுங்கப் போனார். "இந்தக் காகிதத்தக் கட்டிக்கினு அழுததே போதும். சுவத்துல சாக்பீஸ்ல போட்டா என்னிக்காவது இப்படி வந்திருக்கா?"

காத்தவராயன் தாளை மேலே தூக்கிக்கொண்டார். "மொதலாளி, ஒண்ணு கேக்கறேன். காலையில எத்தினி மணிக்கு மாட்டுனோம்?"

"ஏழரை."

"எத்தினி மணிக்கு முடிஞ்சிச்சி?"

கலியபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டார். காத்தவராயனே பதிலையும் சொன்னார்.

"ஏழே முக்கால். கிரைண்டர எடுத்தோமா? சுத்தி எடுத்தோமா? சுவத்துல ஒரு துளி காரை உதுந்துச்சா?"

கலியபெருமாள் சுவரோரம் போனார். கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு பால்கனியின் மறுமுனைக்கு நடந்து போனார். சந்தைத் தாண்டும்போது மின்னலில் சட்டை மாட்டியது. எடுத்துவிட்டுக்கொண்டு போய் அங்கேயும் விரலை விட்டுப் பார்த்தார். முப்பது வருடத்தில் அவர் மாட்டிய ஒரு பொருளும் இப்படி இரண்டு பக்கமும் உட்கார்ந்ததில்லை.

"தப்பு என்னுதுதான் மொதலாளி. அந்தக் கோடு என்னன்னு நான் அண்ணனுக்குச் சொல்லல. அது கம்பி இல்ல. தாள்ல எடம் பத்தலன்னா போடறது" என்றாள் நிர்மலா.

காத்தவராயன் முகம் முதல் முறையாக வாடியது. "அப்ப இது கம்பியே இல்லியா?"

"இல்லண்ணே."

"எடம் பத்தலன்னா பெரிய தாளா வாங்கறது! ஒரு தாளு மிச்சம் புடிக்க அரை நாள் வளைக்க வுட்டுட்டியே!"

மதாம் சிரித்துவிட்டார். பிறகு கையை உயர்த்தி, "சிரிச்சாச்சு. எப்ப எடுக்கறீங்க?" என்றார்.

கலியபெருமாள் வண்டியிலிருந்து கிரைண்டரைக் கொண்டுவந்தார். "காத்தவராயா, அறுத்துத் தள்ளு. சந்துல ரெண்டு துண்டு குழாய் வெச்சி மேலயும் கீழயும் ஒட்டிடு. பத்து நிமிஷ வேல."

காத்தவராயன் நகரவில்லை.

"இன்னா?"

"படம்?"

"எந்தப் படம்?"

"துண்டுக்கு."

"யோவ், ரெண்டு துண்டு குழாய்யா! சந்த அளந்து வெட்டி வெக்க வேண்டியதுதான? முப்பது வருசமா என்ன பண்ண நீ?"

"முப்பது வருசமா சுவத்த ஒடச்சேன். இனிமே தாள் இல்லாம கை வெக்க மாட்டேன்."

கலியபெருமாள் அவரை வெறித்துப் பார்த்தார். பிறகு நிர்மலாவைப் பார்த்தார். கிரைண்டரைத் தரையில் வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"திங்கக்கெழம வில்லியனூர்ல ஒரு மாடிப்படி அளவெடுக்கணும். ஒம்போது மணிக்கு வந்துரு. வர வழியில பெரிய தாளா வாங்கிக்க" என்றார்.

நிர்மலா தலையாட்டினாள். மதாம் ஒரு தாளும் பென்சிலும் கொண்டுவந்து கொடுத்தார். அவள் பால்கனித் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சந்தின் மேலும் கீழும் டேப் பிடித்தாள். ஒரு குழாய்த் துண்டை வரைந்தாள். நடுக்கோடு போட்டாள். இரண்டு அம்பு, நடுவில் 100. எண்ணிக்கை 2 என்று எழுதி நீட்டினாள்.

காத்தவராயன் தாளை வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார்.

"தேதி போடலியே" என்று திருப்பிக் கொடுத்தார்.