பதின்மூன்று மரை

நான்கு மணிக்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்படும். கோபித்துக்கொண்டு கைக்குழந்தையோடு ஊருக்குக் கிளம்பிவிட்ட மனைவி சீதாலெட்சுமியை அதற்குள் தடுத்தாக வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் கார் பட்டறையொன்றில் வேலாயுதத்தின் காரோ முன்சக்கரம் கழற்றிக் கிடந்தது.

ஸ்பிரிங் பட்டையின் நுனி வளையத்தில் புதுப் பித்தளைப் புஷ் குழலை ஒழுங்காகத்தான் இறக்கியிருந்தான். அதைத் தாங்கும் போல்ட்டில்தான் புத்தி கெட்டது. தான் வேலை பார்க்கும் ரயில்வே பட்டறையில் அன்றாடம் புழங்கும் அரை அங்குல போல்ட்டைப் போட்டு முறுக்கினான். அதற்கு அங்குலத்துக்குப் பன்னிரண்டு மரைச்சுற்று. அமெரிக்கக் காரின் துளைக்குப் பதின்மூன்று. இரண்டு சுற்று நல்லபிள்ளையாக ஏறிய போல்ட், பிறகு துளையின் மரையை வழித்தெடுத்துவிட்டது.

“பொண்டாட்டிய ‘போடி’ன்னு சொன்னப்பவே உனக்கு மரை கழண்டுடுச்சுடா,” என்றார் பட்டறைக்காரர் கன்னையா.

“சிரிக்காதீங்கண்ணே, மணி ரெண்டாச்சு!”

துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, உள்ளும் புறமும் மரையுள்ள பித்தளைக் குழல் ஒன்றைத் திருகி இறக்கினால், குழலுக்குள் ரயில்வே போல்ட் பிடிக்கும். ஆனால் மரை வெட்டும் டேப்பை அரைச் சுற்று முன்னே திருகினால், கால் சுற்று பின்னே திருப்பி, உலோகச் சீவலை உடைக்க வேண்டும். அவசரப்பட்டால் டேப் உள்ளேயே முறிந்துவிடும்.

வேலாயுதம் திருகினான். பின்னே திருப்பும் ஒவ்வொரு முறையும் முணுமுணுத்தான்: “தப்பு என்மேலதான், சீதா.”

போல்ட்டை இறுக்கிச் சக்கரத்தையும் மாட்டியபோது மணி மூன்றடிக்கப் பத்து நிமிடம். துறைமுகத்துக்கு இருபத்தேழு மைல். அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவன் நாக்கில் தயாராக இருந்தது.