மொட்டைமாடி நாய்

அடுப்பிலிருந்து பானையை இறக்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சனியன் என் குதிகாலைக் கடித்தது. பானை நிறைய வாழையிலையில் கட்டி வேகவைத்த சோளமாவுத் தமாலே, கொதிக்கிற தண்ணீர். கொஞ்சம் தடுமாறியிருந்தால் அத்தனையும் என் காலில்தான் கொட்டியிருக்கும். பானையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினால், முன்னங்காலை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வாலை ஆட்டுகிறது. விளையாட்டாம்! "செத்துத் தொலை!" என்று கத்தினேன். கத்தி வாயை மூடுவதற்குள் காலடியில் ஈரம் பட்டது. அடுப்படியிலேயே மூத்திரம் பெய்திருக்கிறது. ஊர்ச்சனம் காசு கொடுத்து வாங்கித் தின்கிற பண்டம் செய்கிற இடம் அது. தலையில் அடித்துக்கொண்டு துணியை எடுத்தேன். அன்றைக்கு எத்தனையாவது முறை என்று எண்ணுவதைக்கூட விட்டிருந்தேன்.

மோத்தே என்று அதற்குப் பெயர் வைத்தது என் புருஷன் ஃபாஸ்தினோ. மோத்தே என்றால் அவித்த சோளமணி; அந்த நிறமாம். எங்கள் மகள் யெசெனியா வேலை தேடிச் சிலி நாட்டுக்குப் போன மறுவாரம், ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தான். "உனக்குத் துணைக்குத்தான், கிழவி" என்றான். துணையாம் துணை! மகள் போன வீட்டில் கொஞ்ச நாள் ஒரு மூலையில் உட்கார்ந்து அழலாம் என்று நினைத்திருந்தேன். அழ எங்கே நேரம்? விடிந்ததும் மினிபஸ்ஸை எடுத்துக்கொண்டு போகிறவன் மதியம் சாப்பாட்டுக்குத்தான் வருகிறான். கட்டில் காலை யார் கடித்தால் அவனுக்கென்ன, பாய்க்கடியில் யார் பேண்டால் அவனுக்கென்ன? துடைக்கிற கை என்னுடையது. கடிபடுகிறதும் அதே கைதான். குட்டிப்பல் ஊசி மாதிரி இறங்கும். அந்த விரலோடு மிளகாய் விழுதை மாவில் பிசைந்து பார்த்தால் தெரியும், கண்ணில் தண்ணீர் எப்படி வருகிறதென்று.

பழக்குகிற வேலையை மட்டும் அவன் எடுத்துக்கொண்டான். கொல்லைக் கதவு ஓரமாகச் செய்தித்தாளை விரித்துவைத்து, அதில்தான் போகவேண்டும் என்றான். வேறெங்காவது போனால் மூக்கைப் பிடித்து அந்த ஈரத்தில் தேய்ப்பான். பிறகு அக்குளில் எப்போதும் வைத்திருக்கிற விளையாட்டுப் பத்திரிகையைச் சுருட்டி முதுகில் ஒன்று போடுவான். "எங்கப்பன் இப்பிடித்தான் பழக்கினான். நாங்க பழக்காத நாயா?" அவன் அப்பன் பழக்கிய லட்சணத்தை இவனிடமே பார்க்கிறேனே என்று நாக்குநுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

குட்டி கற்றுக்கொள்ளவில்லை. முன்பாவது கண்ணெதிரே போகும். இப்போது குளிர்பெட்டிக்குப் பின்னால், அரிசி மூட்டைக்குப் பின்னால், கட்டிலுக்கடியில் என்று ஒளிந்து ஒளிந்து போனது. நாற்றத்தை வைத்து நான் தேடவேண்டும். கடியும் மாறிவிட்டது. வாலை ஆட்டிக்கொண்டு கடிப்பது போய், கை பக்கத்தில் வந்தாலே உறுமிவிட்டுக் கடித்தது.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன்" என்றான் ஃபாஸ்தினோ, சூப்பை உறிஞ்சிக்கொண்டே. "அப்புறம் மேலதான்."

மேலே என்றால் மொட்டைமாடி. எங்கள் தெருவில் எந்த வீட்டை நிமிர்ந்து பார்த்தாலும், என்றோ கட்டப்போகிற மாடிக்காக நீட்டிவிட்ட துருப்பிடித்த கம்பிகளுக்கு நடுவே ஒரு நாய் நின்று குரைக்கும். வீட்டுக்குள் சரிப்படாத நாய் மாடிக்குப் போகும். போனது இறங்காது. லிமாவில் இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. திருடனுக்குக் காவல் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். எங்கள் மாடியில் முன்பு துக்கே என்று ஒரு நாய் இருந்தது. அதையும் இதே மனுஷன்தான் குட்டியாகக் கொண்டுவந்தான், இதே மாதிரி பழக்கினான், இதே மாதிரி மேலே கட்டினான். தண்ணீர்த்தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில், சங்கிலி விட்ட தூரம்தான் அதற்கு உலகம். சட்டியில் சோறும் தண்ணீரும் தூக்கிக்கொண்டு நான்தான் படியேறினேன். ஒரு கோடையில் என் தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு மலைக்கு மேலே ஊருக்குப் போயிருந்தோம். எதிர்வீட்டு டெல்ஃபினாவிடம் சாவி கொடுத்துத் தண்ணீர் வைக்கச் சொல்கிறேன் என்றான். சாவி அவன் சட்டைப்பையிலேயே இருந்தது. திரும்பி வந்தபோது சட்டி கவிழ்ந்து கிடந்தது, அதன் பக்கத்தில் துக்கே. அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அழுதான். பிறகு மூட்டையில் கட்டிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து, சாப்பாடு என்ன என்று கேட்டான். அந்தக் கேள்வியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சங்கிலியை அவன் கழற்றவே இல்லை.

அதனால் இந்தக் குட்டி மாடிக்குப் போகக்கூடாது. எனக்கு அதன்மேல் பாசம் என்று யாரும் நினைக்கவேண்டாம். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இன்னொரு நாய்க்குச் சட்டி தூக்கிக்கொண்டு அந்தப் படி ஏற என்னால் முடியாது.

சனிக்கிழமை காலை கதவோரம் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதை விரித்தேன். தாள் சரசரத்ததுதான் தாமதம், மேசைக்கடியில் படுத்திருந்த குட்டி எழுந்து ஓட்டம் பிடித்தது. ஓடுகிற வழியெல்லாம் சொட்டிக்கொண்டே போய்க் கட்டிலுக்கடியில் புகுந்தது. நான் மிச்சத் தாளைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். எந்தத் தாளைச் சுருட்டி அடிக்கிறானோ, அதே தாளைத்தான் விரித்துவைத்து, வா, வந்து இதில் போ என்கிறோம். கடவுளே! அது எப்படிக் கிட்டே வரும்? என்னை அடித்த விறகின்மேல் என்னை உட்காரச் சொன்னால் நான் உட்காருவேனா? இத்தனை நாளாக நான் கத்திய கத்தல், துடைத்த துடைப்பு எல்லாம் நினைவுக்கு வந்து ஆத்திரம் பொங்கியது. ஆத்திரம் குட்டிமேல் இல்லை.

தாளை எல்லாம் வாரிக் குப்பையில் போட்டேன். பழைய மாவுச் சாக்கு ஒன்றைக் கதவோரம் போட்டேன். குட்டி நெடுநேரம் வரவில்லை. பிறகு வந்து மோந்தது, சுற்றியது, உட்கார்ந்தது, சாக்கிலேயே போனது. கோழித்தோல் துண்டு ஒன்றைத் தரையில் போட்டேன். கடிப்பதற்கு மணி உதிர்த்த சோளத்தண்டு கொடுத்தேன். சாயங்காலமும் சாக்குக்கே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனிடம் சொன்னேன்.

"அதுக்கு மூத்திரம் பிரச்சன இல்ல, பேப்பர்தான் பிரச்சன. நீ அடிக்கிற பேப்பர்லயே போகச் சொன்னா எப்பிடிப் போகும்?"

அவன் சிரித்தான். "நாய்க்கு வக்கீலா ஆயிட்டியா, கிழவி?"

"சாக்குல போவுது. நேத்துலருந்து போவுது. வேணும்னா பாரு."

"நாய் என்ன நெனைக்குதுன்னு பாத்துப் பாத்து வளக்கறதுக்கு அது என்ன பிஷப்பா?"

டெல்ஃபினாவுக்குத் தமாலே கொடுக்கத் தெருவைக் கடந்தேன். பானையைக் கொடுத்துவிட்டு வாசலில் வெறும் பானைக்காக நெடுநேரம் காத்திருந்தேன். அப்போதுதான் மேலேயிருந்து அந்த ஓலம் கேட்டது. டெல்ஃபினா நிமிர்ந்து பார்த்தாள். "நெலிதா அக்கா, ஒங்க வீட்டு மாடியில திரும்ப நாயா?" என்றாள், நல்ல சேதி கேட்டவள் மாதிரி. "இனிமே திருட்டு பயம் இல்ல."

எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. துக்கேயின் கழுத்துப்பட்டையில் புதிதாக ஓட்டை போட்டு இறுக்கியிருந்தான். சங்கிலியின் கனம் தாங்காமல் குட்டியின் தலை தரையோடு கிடந்தது. தூறல் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. பட்டையைக் கழற்றக் கையை நீட்டினேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் கடித்தது. விளையாட்டுக் கடி இல்லை. ரத்தம் வந்தது. இழுக்கவில்லை நான். "கடி" என்றேன். "கடிச்சுக்கோ, உனக்கும் வேற யாரு இருக்கா?" மற்றக் கையால் பட்டையை அவிழ்க்கிறவரை அது விடவில்லை. அவிழ்ந்ததும் விட்டது. அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன்.

ஃபாஸ்தினோ படிக்கட்டின் அடியில் நின்றிருந்தான். பெருவிரலில் துணி சுற்றியிருந்தான். மூக்கைத் தேய்க்கப் போய்க் கடி வாங்கியிருக்கிறான் என்று புரிந்தது. இன்னொரு கையில் சுருட்டிய பத்திரிகை.

"திரும்ப மேல கொண்டுபோய்க் கட்டு."

"மாட்டேன்."

"ரத்தம் வர வச்சிருக்குடி, கண்ணு தெரியலயா?"

நான் என் கையைத் தூக்கிக் காட்டினேன். முழங்கை வரை வழிந்திருந்தது. அவன் பார்த்தான். ஒரு நொடி அவன் முகம் தளர்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் பிடிவாதம் திரும்ப ஏறிக்கொண்டது.

"நல்லாக் கேட்டுக்கோ நெலிதா. இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"மாடி காலியாத்தான் இருக்கு" என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் சிரித்திருப்பான். இப்போது சிரிக்கவில்லை. குட்டியை எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் இறக்கிவிட்டேன். அது அவன் கையைப் பார்த்தது, நடுங்கியது, ஓடக் கால் வராமல் நின்ற இடத்திலேயே பெய்தது. அவன் கை பாதி வரை மேலே போய் நின்றது. எங்கள் வீட்டுத் தரை வாசலைப் பார்த்துக் கொஞ்சம் சரிவு. ஈரம் வழி தேடிக்கொண்டு மெல்ல மெல்ல ஓடி, அவனுடைய ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்தின் நுனியைத் தொட்டது. அவன் காலை நகர்த்தவில்லை. நானும் துணி எடுக்கப் போகவில்லை.