அந்தோனியார் பையும் என் இடதுகையும்

லெம்பேட் மாமாவின் கையில் முதன்முதலில் தூரிகையைக் கொடுத்தவன் யாரென்று தெரிந்தால் அவனைத்தான் முதலில் குத்துவேன். பள்ளிமுனைக் கரையில் நிற்கிற படகுகளில் பாதிக்குமேல் பெயர் எழுதியவர் மாமா. எந்தப் படகானாலும் முதலில் புனிதரின் படம், பிறகுதான் சொந்தக்காரன் பெயர். அதில் அவரை யாராலும் அசைக்க முடியாது.

எங்கள் குத்துச்சண்டைக் கழகத்துக்குச் சுவிஸிலிருந்து ஒரு புண்ணியவான் கனமான குத்துப் பை ஒன்றும், தலைக்கவசமும், கையுறைகளும் அனுப்பியிருந்தார். கழகத்தின் பெயரை மட்டும் எழுதித் தரச்சொல்லி மாமாவிடம் கொடுத்தோம். திரும்ப எடுக்கப் போனால், பையின் நடுவில் அந்தோனியார் குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். தலைக்கவசத்தின் நெற்றியில் மடு மாதா. கழகத்தின் பெயர் பையின் அடியில், எறும்பு வாசிக்கிற அளவில்.

அதோடு விட்டார்களா, இல்லை. அன்றைக்குக் கரையில் ஒரு புதுப் படகை மந்திரிக்கப் பாதர் வந்திருந்தார். என் அப்பா, இதுவும் புதுச் சாமான்தானே என்று பையையும் படகுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். பாதர் படகுக்குத் தெளித்த தீர்த்தம் பைக்கும் விழுந்தது.

போன வருசம் மாகாணப் போட்டியில் குருநகர் அபிசாவிடம் நான் தோற்றதே இடதுகையில் பலமில்லாததால்தான். கனமான பையில் குத்திக் குத்தித்தான் அந்தப் பலம் வரும். ஒரு வருசமாக அந்தத் தோல்வியை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. பை வந்ததே என்று சந்தோசப்பட்டால், அதில் ஒரு குத்துக்கூடக் குத்த முடியாது.

"சாமி சுருவத்துக்குக் குத்துறவள் எங்கயாவது இருப்பாளோ?" என்றா அம்மா.

படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு ஒரு குத்துக் குத்திப் பார்த்தேன். கயிறு முறுகி, பை மெல்லத் திரும்பி, அந்தோனியார் என்னையே பார்த்துக்கொண்டு வந்து நின்றார். கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

உரச்சாக்கில் மணல் நிரப்பிக் குத்தினேன், மணிக்கட்டு வீங்கியது. வைக்கோல் அடைத்துத் தொங்கவிட்டேன். விடிய வந்து பார்த்தால் டவுன் கழுதைகள் இரண்டு நின்று அதைத் தின்றுகொண்டிருக்கின்றன. எங்கள் பயிற்சியாளர் நௌபர் சேருக்குத் தோள்மூட்டு விலகியிருந்ததால் அவராலும் நான் குத்திப் பழக உள்ளங்கையைக் காட்டி நிற்க முடியவில்லை. பாதரிடமே போனேன்.

"மந்திரிச்சதை எடுக்கிறதுக்கு ஒரு செபமும் இல்லைப் பிள்ளை. படத்தை அழிக்கலாம். ஆனா நான் அழிக்க மாட்டன்," என்றார்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அன்ரி தொலைந்த போனைத் தேடிப் பைக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினா. தொலைந்ததைக் கண்டெடுத்துத் தருகிறவர் அந்தோனியார். போன் அன்ரியின் அரிசி வாளிக்குள்ளேயே கிடந்தது. அடுத்த கிழமை வலை தொலைத்தவன், தோடு தொலைத்தவள் எல்லாரும் எங்கள் கழகத்து வாசலில்.

கடைசியில் நௌபர் சேர்தான் ஒரு வழி சொன்னார். "உங்கட சாமி விசயத்தில நான் வாய் வைக்கேலாது மகள். ஆனா படாமக் குத்தினாப் பாவமில்லைத்தானே?"

அப்படியே பழகினேன். முழுப் பலத்தோடு இடதுகையை வீசி, பைக்கு ஒரு விரல் இடைவெளியில் நிறுத்துவேன். பக்கத்தில் ஆட்கள் முழங்காலில் நின்று செபமாலை சொல்வார்கள். என் கைவீச்சில் மெழுகுதிரிகள் அணையும், அவர்கள் என்னை முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொளுத்துவார்கள்.

மாகாணப் போட்டி வவுனியாவில். தலைக்கவசத்தில் படம் இருக்கக்கூடாதென்று நடுவர் சொல்ல, சேர் மாதாவின் மேல் டேப் ஒட்டிவிட்டார். எதிரில் அதே அபிசா.

முதல் சுற்றில் என் இடதுகை அழகாகப் போனது, போய் அவளுடைய மூக்குக்கு ஒரு விரல் முன்னால் நின்றது. திரும்ப வீசினேன், திரும்பவும் நின்றது. பழக்கம், வேறென்ன. "தொடு மகள், தொடு," என்று சேர் தொண்டை கிழியக் கத்தினார். அபிசாவுக்கு அப்படியொரு கஷ்டமும் இல்லை, நன்றாகத் தொட்டாள்.

இரண்டாம் சுற்றில் வியர்வைக்கு டேப் கழன்று விழுந்தது. குத்த ஓங்கிய அபிசா மடு மாதாவைக் கண்டாள். அவளும் மாதா கோயில் பிள்ளைதான், கை அந்தரத்தில் நின்றது. பிறகு, கோயிலில் செய்கிற மாதிரி, மரியாதையாகத் தலையைக் குனிந்தாள். குனிந்த முகம், ஒரு விரல் இடைவெளியில் நான் நிறுத்தி வைத்திருந்த கைமுட்டியில் வந்து மோதியது. அடி வாங்கித் தடுமாறியவளுக்கு எண்ணுகிற மாதிரி நடுவர் அவளுக்கு எட்டு வரை எண்ணினார்.

சேர் திரும்ப ஒட்டிய டேப்பும் நிற்கவில்லை, மூன்றாம் சுற்றிலும் அதே கதை. நான் நிறுத்துவேன், அவள் குனிவாள். என்னால் அவளைக் குத்த முடியவில்லை, அவளால் குனியாமல் இருக்க முடியவில்லை. நடுவர் என் கையைத் தூக்கினார்.

ஊருக்கு வந்தால் வெடி, மாலை, கோயில் மணி. கழகத்துக்கு ஓடினேன். பை தொங்கிய இடத்தில் வெறும் கயிறு. பையைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

"கொழும்பில அடுத்த போட்டி. நான் எதில குத்திப் பழகிறது?" என்று கேட்டேன்.

"அந்தோனியார் வெண்டு தந்திட்டார்தானே, இனி ஏன் பழக்கம்?" என்றார் லெம்பேட் மாமா. "உன்ர க்ளவுஸைத் தா. சவேரியாரை வரைஞ்சு தாறன்."

ஒரு வருசத்து ஆத்திரமும் இடதுகைக்குள் வந்துவிட்டது. மாமாவின் மூக்கைப் பார்த்து ஓங்கி விட்டேன். அது ஒரு விரல் இடைவெளியில் நின்றது.

மாமா கண்ணைத் திறந்து, என் முட்டியைப் பார்த்து, நெற்றியில் சிலுவை போட்டார். "பாத்தியளே, அந்தோனியார் அவளின்ர கையைப் பிடிச்சிட்டார்," என்று ஊருக்கே கேட்கச் சொன்னார்.

மற்ற நாள் காலை கதவைத் திறந்தால் எங்கள் வாசலில் வரிசையாக மெழுகுதிரி. அரிப்பு என்கிற ஊரிலிருந்து வந்த ஒரு பெண், படகு என்ஜினைத் தொலைத்துவிட்டாவாம். என் இடதுகையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. கொழும்புப் போட்டிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. நான் இதுவரை ஒருவரையும் குத்தவில்லை.