தலையில் புள்ளி வைத்த ஒன்று

மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அதற்கொரு சண்டையும் நடக்கும். கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு சண்டை உண்டு என்பதை மார்த்தாள் அந்தச் சங்கக் கூட்டத்தில்தான் பார்த்தாள்.

சாமை உழவர் சங்கம் ஜமுனாமரத்தூர் போகிற சாலையில் இருந்தது. அரவை மில்லை ஒட்டி ஒரே ஒரு அறை. அதில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பழைய கம்ப்யூட்டர். ஒன்பது வருஷமாக அந்த நாற்காலி மார்த்தாளுடையது. ஆலங்காயத்திலிருந்து காலை பஸ்ஸில் மலையேறி வருவாள், சாயங்கால பஸ்ஸில் இறங்குவாள். படிப்பு பத்தாவது. தமிழ் டைப்பிங்கை வாணியம்பாடியில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில், ஆயிரம் மணமக்கள் பெயரை அடித்து அடித்துக் கற்றுக்கொண்டாள்.

அன்றைக்குப் பழைய பெட்டியை மாற்றிவிடுவது என்று முடிவாகி, எதை வாங்குவது என்று பேச்சு.

“பிராசஸர்தான் மாமா மூளை,” என்றான் குமரேசன். சங்கத் தலைவர் ராஜாக்கண்ணுவின் அக்கா மகன், வேலூரில் கம்ப்யூட்டர் படித்து முடித்துவிட்டு வந்தவன். “எட்டு கோர் இருக்கறதா பாத்து வாங்கணும். எட்டு ஆளு ஒரே நேரத்துல களை எடுக்கற மாதிரி.”

“எட்டு ஆளு வந்து இன்னா பண்றது, மேஸ்திரி சோம்பேறியா இருந்தா?” என்றான் டேனி. ஆலங்காயத்தில் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். “ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான்டா மேஸ்திரி. பென்குயின் பொம்மை போட்டது ஒன்னு கீது. அதைப் போட்டா இந்தப் பழைய பெட்டியே குதிரையா ஓடும்.”

“பறக்காத பறவைய நம்பச் சொல்றியாண்ணா?”

“நீ படிச்ச காலேஜுல உள்ளாற ஓடுனது அதாண்டா. போய்க் கேளு.”

செயலாளர் குணசீலன் தொண்டையைச் செருமினார். “என் அனுபவத்த சொல்றேன். எல்லாம் பிரவுசர்லதான் இருக்குது. நரி படம் போட்டது இருக்குதே, அதான் ராசி. என் பொண்ணு ஹால் டிக்கெட்டு அதுலதான் வந்திச்சு.”

“ஆமா, இந்த ஆப்பிள் ஆப்பிள்ன்றாங்களே, அது இன்னாது?” என்று கேட்டார் ராஜாக்கண்ணு.

“அது நம்ம மலைக்கு வெளையாது மாமா.”

எல்லாரும் சிரித்தார்கள். மார்த்தாளும் சிரித்தாள். டீ கிளாஸ்களை அடுக்கிக்கொண்டே அவள் ஒன்று நினைத்தாள். அந்தப் பெட்டி முன்னால் ஒன்பது வருஷம் உட்கார்ந்தது நான். இவ்வளவு பேசுகிறார்களே, “உனக்கு இன்னா தோணுது மார்த்தாள்?” என்று ஒரு வாய் கேட்கவில்லையே.

கேட்டிருந்தால் அவளிடம் பிராசஸர் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பட்டன் பற்றிச் சொல்ல இருந்தது. அந்தப் பழைய கீபோர்டில் ஒரு பட்டன் செத்துப்போய் மூன்று வருஷம் ஆகிறது. அவள் பழகிய எழுத்துருவில் ‘ள’ விழுகிற பட்டன் அது. அது சாகாமல் என்ன செய்யும் சொல்லுங்கள்! இந்த மலையில் எந்தப் பெண்ணின் பெயரை எடுத்தாலும் கடைசியில் ஒரு ‘அம்மாள்’ நிற்கிறது. அடித்து அடித்து அது தேய்ந்துபோனது. “கீபோர்டு மாத்திக் குடுங்கண்ணா” என்று குணசீலனிடம் இரண்டு தடவை கேட்டாள். “பாக்கலாம்மா” என்று இரண்டு தடவையும் சொன்னார். மூன்றாவது தடவை கேட்க அவளுக்கு மனசு வரவில்லை.

பட்டன் செத்த அதே மாசம்தான் நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர் பட்டியலை ஆதார் நம்பரோடு புதிதாக அடிக்க வேண்டி வந்தது. மார்த்தாள் ஒரு வழி பண்ணினாள். ‘ள’ வரவேண்டிய இடத்தில் எல்லாம் ஒன்று என்ற எண்ணை அடித்தாள். அச்செடுக்கும்போது மட்டும், பழைய கோப்பு ஒன்றிலிருந்து ஒரு ‘ள’வை நகலெடுத்து, எல்லா ஒன்றையும் ஒரே அடியில் அதுவாக மாற்றுவாள். ஆனால் அப்படி மாற்றினால் ஆதார் நம்பரில் இருக்கிற ஒன்றும் ‘ள’ ஆகிவிடுகிறது. அதனால் பெயர்த் தாளை மட்டும் அச்செடுத்துக்கொண்டு, சேமிக்காமல் மூடிவிடுவாள். தாளில் எல்லாம் சரியாக வரும். உள்ளே இருப்பது அவளுக்கு மட்டும் தெரிந்த கதை.

கூட்டம் முடிந்து எழும்போது குணசீலன் சாதாரணமாகச் சொல்கிற மாதிரி சொன்னார். “மார்த்தாள், புது மிஷினு வந்தா அதுக்குப் படிச்ச ஆளா பாக்கணும்னு கமிட்டியில பேச்சு. இந்த மாசம் முடிய வந்துட்டு இரும்மா. அப்பறம் பாக்கலாம்.”

அவர் ‘பாக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று மார்த்தாளுக்குத் தெரியும்.

புதுப் பெட்டி வந்தது. நாற்காலியில் குமரேசன் உட்கார்ந்தான். “கொஞ்ச நாளைக்கு மில்லுப் பக்கம் பாத்துக்கம்மா” என்றார்கள். மார்த்தாள் சாமை மூட்டைகளில் சங்கத்தின் முத்திரையைக் குத்திக்கொண்டிருந்தாள். பட்டியலைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, பழைய பெட்டியை டேனி சுத்தமாகத் துடைத்துப் பென்குயினைக் குடியேற்றினான். அவன் சொன்னது பொய்யில்லை, பெட்டி குதிரையாகத்தான் ஓடியது. ஆனால் மார்த்தாளின் எழுத்துருவும் அந்தத் துடைப்பில் போய்விட்டது.

இதெல்லாம் நடந்த வாரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. நிலம் நனைந்து விதைக்குக் காத்திருந்தது. விதைச் சாமை வேண்டுகிறவர்கள் பெயரை இணையத்தில் ஏற்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி கடைசி. ஏறாத பெயருக்கு இந்த வருஷம் விதை இல்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கன்னியம்மாள் வந்துவிட்டாள். அவள் ஊரிலிருந்து சங்கத்துக்கு இரண்டு மணி நேர நடை. முழங்கால் வரைக்கும் சேறு. மில் வாசலில் உட்கார்ந்து, “என் பேரு ஏறிச்சான்னு பாத்துட்டே போறேன் மார்த்தா. போன வருசம் மயில் தின்னுடிச்சு. விதைக்குன்னு ஒரு படி கூட வூட்டுல இல்ல,” என்றாள்.

“ஏறிடும்க்கா. இரு, டீ குடி.”

உள்ளே குமரேசன் பட்டியலைத் திறந்தான். fd;dpak;kh1; என்று இருந்தது. கீழே நானூறு வரியும் அப்படியே.

“மாமா! வைரஸ்!”

பிரவுசர் அவனைவிடக் கெட்டிக்காரத்தனமாக, இந்தப் பக்கம் ஐஸ்லாந்து மொழியில் இருக்கிறது, மொழிபெயர்க்கட்டுமா என்று கேட்டது.

“எந்த ஊரு பாஷையாம்?” என்றார் ராஜாக்கண்ணு. “நம்ம மலை ஜனங்க பேரு அங்க எதுக்குடா போச்சு?”

“நான் அன்னிக்கே சொன்னேன், நரியில திறன்னு,” என்றார் குணசீலன். நரியில் திறந்தார்கள். அதிலும் ஐஸ்லாந்துதான்.

டேனியை வரவழைத்தார்கள். அவன் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். “வைரஸும் இல்ல, ஒன்னும் இல்ல. பழைய காலத்து எழுத்துரு. மாத்திக் குடுக்கற தளம் ஒன்னு கீது, போடு.” போட்டார்கள். கண் மூடித் திறப்பதற்குள் நானூறு பேரும் தமிழுக்கு வந்தார்கள். கன்னியம்மாளும் வந்தாள், ஆனால் இப்படி வந்தாள்: கன்னியம்மா1். ஒன்றின் தலையில் ஒரு புள்ளி.

“இதின்னா ஒன்னு?” என்றான் டேனி.

குமரேசன் யோசித்தான். “ஒரே பேரு நாலஞ்சு பேருக்கு இருக்குதுல்லண்ணா? ஒன்னு ரெண்டுன்னு நம்பர் போட்டிருப்பாங்க அக்கா. நமக்குத் தேவையில்ல.” பெயர் வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அத்தனை ஒன்றையும் புள்ளியோடு துடைத்தான். பட்டியல் பார்க்க அழகாகிவிட்டது. ஏற்றினான்.

மாதையன் ஏறினார். ராஜாக்கண்ணு ஏறினார். ஆண்கள் அநேகமாக எல்லாரும் பச்சை நிறத்தில் வரிசையாக ஏறினார்கள். பெண்கள் சிவப்பில் நின்றார்கள். பெயர் ஆதாரில் உள்ளபடி இல்லை, ஆதாரில் உள்ளபடி இல்லை என்று நூற்று எழுபது வரி.

மணி மூன்றரை. அறையில் மறுபடியும் பழைய சண்டை. பிராசஸர் சூடாகிறது என்றான் டேனி. சிஸ்டத்துக்கு அப்டேட் போடணும் என்றான் குமரேசன். குணசீலன் மூன்றாவதாக ஒரு பிரவுசரைத் தேடினார். செய்தி மட்டும் வாசலுக்கு வந்துவிட்டது.

“பொம்பளைங்க பேரு மட்டும் நிக்குதாமே?” என்று எழுந்தாள் கன்னியம்மாள். “அந்தப் பொட்டிக்கு நாங்க இன்னா பண்ணோம்?”

“அம்மாக்கண்ணு ஏறிட்டாளே, அவ பொம்பள இல்லியா?” என்றார் உள்ளேயிருந்து ராஜாக்கண்ணு. “எதெது நிக்குதுன்னு படிடா.”

குமரேசன் படித்தான். “கன்னியம்மா, மங்கம்மா, சாந்தம்மா, இவரசி, அருப்பன்...”

“அருப்பனா? அது யாருடா அருப்பன்?”

மார்த்தாளின் கையில் முத்திரைக் கட்டை அப்படியே நின்றது. அருளப்பன். இளவரசி. ஒன்றைத் துடைத்துவிட்டார்கள். அவள் வைத்த ஒன்றை.

கண்ணுகளா, இந்த இடத்தில் மார்த்தாள் உடனே ஓடினாள் என்று சொன்னால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அவள் ஓடவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். போய்ச் சொன்னால் முதல் கேள்வி என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். மூணு வருசமா பட்டியல்ல தப்பாவா அடிச்சு வெச்ச? படிச்ச ஆள் வேண்டும் என்று சொன்னவர்களுக்குக் கையில் சாட்சியைக் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகும். மாசக் கடைசி வரைக்கும் இருக்கிற வேலையும் இன்றைக்கே போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பிராசஸரைத் திட்டுவார்கள். பென்குயினைத் திட்டுவார்கள். திட்டு வாங்க அங்கே ஆள் நிறைய இருந்தது.

கன்னியம்மாள் சேற்றுக் காலைத் தேய்த்துக்கொண்டே அவளைப் பார்த்தாள். “இனிமே ஏறாதா மார்த்தா?” என்றாள். அந்தக் குரலில் கோபம் கூட இல்லை. மயிலுக்கும் மழைக்கும் பழகிய மாதிரி இதற்கும் பழகிக்கொள்ளத் தயாராகிவிட்ட குரல்.

மார்த்தாள் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“அந்த ஒன்னு நம்பர் இல்லீங்க,” என்றாள். “அதான் ள.”

நாலு பேரும் திரும்பினார்கள்.

“பட்டன் செத்துப்போச்சு. அதுக்குப் பதிலா ஒன்னு போட்டேன். அச்செடுக்கும்போது மாத்திக்குவேன். குமரேசா, பென் டிரைவுல நான் அடிச்சது அப்படியே இருக்குமில்ல? அதைத் திற. பேருல இருக்கற ஒன்ன எல்லாம் s ஆக்கு, அந்த எழுத்துருவுல ளவுக்கு அதான் பட்டன். அப்பறம் அந்தத் தளத்துல போடு. ஆதார் நம்பர்ல மட்டும் கை வெச்சிடாத. அதுக்குப் பயந்துதான் நான் மூணு வருசமா மாத்தி சேமிக்கவே இல்ல.”

“பேரு வரிசைய மட்டும் தேர்ந்தெடுத்தா நம்பர் மாறாதுக்கா,” என்று குமரேசன் இரண்டு சொடுக்கில் செய்து காட்டினான்.

“அவ்ளோதானா?” என்றாள் மார்த்தாள். மூன்று வருஷம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை.

கன்னியம்மாளுக்கு ள் வந்தது. இளவரசி முழுசானாள். அருளப்பன் தன் அருளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பெயர் பெயராகப் பச்சைக்கு மாறுவதைப் பார்த்து டேனி விசில் அடித்தான். நடுவில் இரண்டு தடவை சிக்னல் போய், குமரேசன் நெட்டுக்கு வைத்திருந்த போனைத் தூக்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற வாசல் பலா மரத்தடிக்கு ஓடினான். கடைசிப் பெயர் ஏறியபோது ஐந்துக்குப் பத்து நிமிஷம்.

அப்புறம்தான் குணசீலன் அவள் எதிர்பார்த்ததைக் கேட்டார். “மூணு வருசமா இப்படித்தான் அடிச்சிட்டு இருந்தியா? ஒரு வார்த்த சொல்றதில்ல?”

“ரெண்டு தடவ சொன்னேங்கண்ணா. பாக்கலாம்னீங்க.”

குணசீலன் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். டேனி பழைய கீபோர்டை மூலையிலிருந்து எடுத்து, அந்தப் பட்டனை அழுத்திப் பார்த்தான். அது உள்ளே போனது, திரும்பி வரவில்லை.

“பிராசஸர், சிஸ்டம், பிரவுசர்னு மூணு பேரும் அடிச்சிக்கிட்டோம்,” என்றான். “இதை ஒருத்தனும் தொட்டுப் பாக்கல பாரு.”

ராஜாக்கண்ணு நிமிர்ந்தார். “ஏம்மா மார்த்தாள், இவனுங்கள உடு. கம்ப்யூட்டர்னா எது நல்லதுன்ற?”

மார்த்தாள் யோசித்தாள். இந்தக் கேள்விக்கு ஒன்பது வருஷமாக ஒரு பெரிய பதில் வைத்திருந்தாள். இப்போது பார்த்தால் அது சின்னதாக இருந்தது.

“எதா இருந்தாலும் சரிங்க. ள போட்டா ள விழணும். விழலன்னா, அதைச் சொன்னா காதுல வாங்கணும்.”

குமரேசன் நாற்காலியை விட்டு எழுந்தான். “உக்காருங்கக்கா. புது எழுத்துரு வேற மாதிரி இருக்கும், ரெண்டு நாளு இடிக்கும்.”

மாசக் கடைசியைப் பற்றி யாரும் பேசவில்லை. குணசீலன் மில் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் மூட்டையில் முத்திரை குத்துகிற சத்தம் கேட்டது, மார்த்தாளின் கை குத்துகிற மாதிரி இல்லாமல் கோணலான தாளத்தில்.

கன்னியம்மாள் கதவோரம் எட்டிப் பார்த்தாள். “என் பேரு ஏறிச்சா?”

“வாலு வரைக்கும் ஏறிச்சுக்கா.”

“காட்டு பாக்கலாம்.” அவளுக்குப் படிக்கத் தெரியாது. திரையில் மார்த்தாள் காட்டிய இடத்தில், கடைசி எழுத்தின்மேல் சேறு காய்ந்த விரலை வைத்தாள். “இதுதான் நின்னுபோனதா? சின்னதா கீதே!”

அவள் போன பிறகு மார்த்தாள் புது கீபோர்டில் அந்தப் பெயரை ஒரு தடவை அடித்துப் பார்த்தாள். விரல் கேட்காமல் ஒன்றுக்குப் போனது. அதை அழித்தாள். ள எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, மெதுவாக அழுத்தினாள்.